அல்சேஷனா, மாலினுவாவா, ஊர்நாயா? மேய்ச்சல் நாய்களின் குணமும் வளர்ப்பும்

இணுவில், கோண்டாவில், உடுவில் என்று காங்கேசன்துறை வீதியை அண்டிய ஊர்களின் ஒழுங்கைகளில் இன்று கிடுகு வேலிகளைக் காண்பது அரிது. மதில்கள் உயர்ந்துவிட்டன. மரப்படலை இருந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது. உள்ளே பெரிய வீடு. அதில் இருப்பவர்களோ பெரும்பாலும் வயதான இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். களவுக்கும் இரவில் வீடு புகுவோருக்கும் பயந்து, "அம்மாவுக்கு ஒரு நல்ல நாய் வாங்கிக் கொடுங்கோ" என்று அங்கிருந்து பணம் வருகிறது.

அப்படி வாங்கப்படுவது அநேகமாக ஒரு மேய்ச்சல் இனக் குட்டிதான். முன்னர் அல்சேஷன் என்று நாம் அழைத்த ஜேர்மன் செப்பர்ட், அண்மைக்காலத்தில் பெல்ஜிய மாலினுவா. இரண்டு மாதக் குட்டியாக மடியில் தூங்கியது ஒரு வருடத்தில் முப்பது கிலோவைத் தாண்டி நிற்கும். எழுபது வயதுக் கையால் அதைப் பிடித்து நடத்த முடியாது. பிறகு சங்கிலி. சங்கிலியில் கிடந்து கிடந்து குணம் கெட்ட நாய் தபாற்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கடிக்கிறது. கடைசியில் அது தெருவுக்குத் துரத்தப்பட்டுக் கட்டாக்காலியாகிறது. இதில் நாயைக் குறை சொல்ல எதுவுமில்லை. எந்த வேலைக்காக உருவாக்கப்பட்ட இனம் என்று அறியாமல் வாங்குவதே தவறுக்குக் காரணம். அந்த அறிவைச் சுருக்கமாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மந்தையை ஓட்டுபவை, மந்தையைக் காப்பவை

"மேய்ச்சல் நாய்" என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு தொழில்கள் அடங்கியுள்ளன. முதலாவது, மந்தையை ஓட்டுவது. மேய்ப்பரின் குரலுக்கும் விசிலுக்கும் ஏற்ப ஆடுகளைச் சுற்றி ஓடி, வளைத்து, திருப்பி, பட்டிக்குக் கொண்டுவருவது. இந்த நாய்க்கு மனிதரின் சொல்லை உடனே பிடிக்கும் கூர்மையும் அசையும் எதையும் துரத்தும் வேகமும் வேண்டும். வேட்டைக் குணத்திலிருந்து கொல்லும் பகுதியை மட்டும் அடக்கி, துரத்தும் பகுதியைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால் உருவான குணம் இது.

இரண்டாவது, மந்தையைக் காப்பது. ஓநாய், சிறுத்தை, கள்ளர் வரும்போது ஆடுகளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் போய் நிற்பது. இந்த நாய் ஆடுகளோடு பிறந்து, ஆடுகளோடு படுத்து, தன்னையும் அந்த மந்தையில் ஒன்றாக நினைத்து வளர்கிறது. இதற்கு ஓட்டமும் விளையாட்டும் தேவையில்லை. அமைதி, பொறுமை, சொந்தமாக முடிவெடுக்கும் துணிவு ஆகியவையே தேவை. முதலாவது வகை நாய் எப்போதும் உங்கள் முகத்தைப் பார்த்து "அடுத்து என்ன?" என்று கேட்கும். இரண்டாவது வகை நாய் உங்களைக் கேட்காமலே முடிவெடுக்கும். வளர்ப்பில் வரும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன.

ஜேர்மன் செப்பர்ட்

மாக்ஸ் வொன் ஸ்ரெபனிற்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி 1899 ஏப்ரலில் ஒரு நாய்க் கண்காட்சியில் கண்டு வாங்கிய நாயே இந்த இனத்தின் முதற் பதிவு நாய். அதற்கு ஹோரான்ட் என்று பெயரிட்டு, அதே மாதத்தில் இந்த இனத்துக்கான சங்கத்தையும் அவர் தொடக்கினார். முதலாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானியாவில் "ஜேர்மன்" என்ற சொல்லுக்கு இருந்த வெறுப்பால், பிரான்ஸ் எல்லையிலுள்ள அல்சாஸ் பிரதேசத்தின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். அங்கே 1977 இல் பழைய பெயர் மீண்டும் ஏற்கப்பட்டது. பிரித்தானியர் வழியாக எம்மிடம் வந்த "அல்சேஷன்" என்ற பெயர் மட்டும் யாழ்ப்பாணத்தில் இன்னும் வாழ்கிறது.

ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரையும் பெண் நாய் 22 முதல் 32 கிலோ வரையும் இருக்கும். ஒரு வீட்டுக்கு, ஒரு ஆளுக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. அந்நியரை உடனே நம்பாது. புதியதை விரைவாகக் கற்கும். பொலிஸ், இராணுவம், மீட்புப் பணி, பார்வையற்றோருக்கு வழிகாட்டுதல் என எல்லாவற்றிலும் இது பயன்பட்டதற்கு இந்தச் சமநிலையே காரணம்.

இதன் பலவீனங்களையும் அறிந்திருக்க வேண்டும். இடுப்பு மூட்டுப் பொருத்தக் குறைபாடு இந்த இனத்தில் அதிகம். பின்பக்கம் மிகவும் சரிந்த உடலமைப்பை அழகென்று நினைத்து வாங்குவோர் பிறகு வருந்துகிறார்கள். தாய், தகப்பன் நாய்கள் எழுந்து நடப்பதையும் ஓடுவதையும் நேரில் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது. இரட்டை மயிர்ப் போர்வை கொண்டதால் வெயில் இதற்குப் பகை. ஆனால் வெயிலென்று மயிரை ஒட்ட வெட்டுவதும் தவறு. மேல்மயிர் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. வாரத்தில் பலமுறை சீவி, உதிரும் உள்மயிரை எடுத்துவிடுவதே சரியான வழி.

பெல்ஜிய மாலினுவா

பெல்ஜியத்தில் 1891 இல் கால்நடை வைத்தியப் பேராசிரியர் அடோல்ப் ரூல் நாட்டின் மேய்ச்சல் நாய்களை ஓரிடத்தில் கூட்டி ஆராய்ந்தார். அவற்றை மயிரின் நீளத்தையும் நிறத்தையும் வைத்து வகை பிரித்தார்கள். குறுமயிர் கொண்ட பழுப்பு வகைக்கு மெஹெலன் நகரின் பிரெஞ்சுப் பெயரான மாலின் என்பதிலிருந்து பெயர் வந்தது. ஆண் நாய் 25 முதல் 30 கிலோ. ஜேர்மன் செப்பர்ட்டைவிட இலேசானது, வேகமானது, வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 2011 இல் பின்லாடனைத் தேடிச் சென்ற அமெரிக்கப் படையணியோடு போன கெய்ரோ என்ற நாய் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் பின்னர் உலகெங்கும் இதற்கு ஆசை கூடியது.

காணொளிகளில் சுவரேறிப் பாயும் இந்த நாய் ஒரு சாதாரண வீட்டு நாய் அல்ல. எதையும் கவ்விப் பிடித்து விடாமல் வைத்திருக்கும் வேட்கை இதன் இரத்தத்தில் உள்ளது. கையில் எப்போதும் வேலை இருக்கவேண்டும். வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். அது செருப்பைக் கிழிப்பதாகவும் இருக்கலாம், ஓடும் பிள்ளையின் குதிக்காலைக் கவ்வுவதாகவும் இருக்கலாம். அடித்துப் பழக்கினால் அஞ்சி ஒடுங்கும், அல்லது திருப்பிக் கடிக்கும். தினமும் இரண்டு மணி நேரமாவது ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கக்கூடிய, நாய் வளர்த்துப் பழகிய இளையவர் இல்லாத வீட்டுக்கு இந்த இனம் பொருந்தாது. முதியோர் மட்டும் வாழும் வீட்டுக்கு மாலினுவா வாங்கி அனுப்புவது பாசத்தால் செய்யும் கெடுதி.

போர்டர் கொலி, கெல்பி, மாட்டு நாய்

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்தின் போர்டர் கொலி ஓட்டும் நாய்களில் மிகக் கூர்மையானது. இன்றுள்ள இந்த இன நாய்களின் வம்சம் 1893 இல் பிறந்த "ஓல்ட் ஹெம்ப்" என்ற ஒரு நாய்க்குப் பின்னோக்கிச் செல்கிறது. சேஸர் என்ற போர்டர் கொலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் பெயர்களை வேறுபடுத்தி அறிந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்டார்கள். 14 முதல் 20 கிலோ எடைதான். ஆனால் கண்ணால் ஆட்டை நிறுத்தும் நாய், வீதியில் மோட்டார் சைக்கிளையும் நிறுத்தப் பார்க்கும். காவலுக்கு இது உரிய இனம் அல்ல. சத்தத்துக்கு மிகவும் மிரளக்கூடியது.

அவுஸ்திரேலியாவின் கெல்பியும் மாட்டு நாயும் வெயிலிலும் புழுதியிலும் நெடுந்தூரம் ஓடுவதற்கென வளர்க்கப்பட்டவை. காலநிலையை மட்டும் பார்த்தால் ஓட்டும் இனங்களில் எமக்கு நெருக்கமானவை இவையே. மாட்டு நாய், மாட்டின் குதிக்காலைக் கவ்வி ஓட்டுவது. அந்தப் பழக்கம் மனிதரிடமும் வெளிப்படும் என்பதைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும்.

கங்கல், அனட்டோலியன் போன்ற காவல் இனங்கள்

துருக்கியின் கங்கல் 50 கிலோ அளவுக்கு வளரும் மந்தைக் காவலன். நமீபியாவில் சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1994 முதல் இவ்வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. ஆடுகள் காப்பாற்றப்பட்டன. அதனால் விவசாயிகள் சிறுத்தைகளைச் சுடுவதும் குறைந்தது. பகலில் சோம்பலாகப் படுத்திருக்கும் இந்த நாய் இரவில் விழித்திருந்து எல்லையைச் சுற்றும். நூற்றுக்கணக்கான ஏக்கர் வெளிக்கு உரிய இந்த இனத்தை ஐந்து பரப்பு வளவுக்குள் அடைத்தால், இரவெல்லாம் குரைத்து ஒழுங்கை முழுவதையும் எழுப்பும். தன் எல்லைக்குள் வந்தவர் உறவினரா அந்நியரா என்பதை அதுவே தீர்மானிக்கும். கொண்டாட்டத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஊரே வந்துபோகும் எமது வீடுகளுக்கு இது ஒவ்வாது.

தமிழரின் சொந்த நாய்கள்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு இனங்களைச் சிலர் மேய்ச்சல் நாய்கள் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். இராஜபாளையமும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டவை. இந்திய அஞ்சல்துறை 2005 இல் வெளியிட்ட உள்நாட்டு நாய்களின் முத்திரைகளில் இராஜபாளையத்தோடு இடம்பெற்ற இமாலய மேய்ச்சல் நாயே இந்தியத் துணைக்கண்டத்தின் உண்மையான மந்தைக் காவல் நாய்களில் ஒன்று.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் பெயர்பெற்ற இனம் எதையும் தேடுவதில்லை. இரவில் கிடையைக் காப்பது அவர்களோடு நடந்து திரியும் நாட்டு நாய்தான். எமது ஊர்நாயும் அந்த வகையே. 15 முதல் 20 கிலோ எடை, குட்டை மயிர், வெயிலில் களைக்காத உடல், அளவான தீனி, யார் வீட்டார் யார் வழிப்போக்கர் என்று அறியும் புத்தி. போர்க்காலத்து இரவுகளில் எந்தத் திசையில் நாய் குரைக்கிறது என்பதைக் காதுகொடுத்துக் கேட்டே ஊர் விழித்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது பூட்டிய வீடுகளின் வாசலில் தனித்துப்போனவையும் இந்த நாய்கள்தான். காவலென்றால் கடிப்பது என்று பொருளில்லை. நேரத்துக்குக் குரைத்து எழுப்புவதே காவலின் முக்காற்பங்கு. அதற்கு ஊர்நாயே போதும்.

மிதிவெடி தேடும் நாய்கள்

ஜேர்மன் செப்பர்ட்டும் மாலினுவாவும் எமது மண்ணில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை காவல் அல்ல, வெடிமருந்தை மணந்து கண்டுபிடிப்பது. உலோகமானி ஆணியையும் தகரத்துண்டையும் வெடியையும் பிரித்தறியாது. நாய் வெடிமருந்தின் மணத்தையே தேடுகிறது. நீண்ட கயிற்றில் கோடு கோடாகத் தேடி, மணம் கிடைத்தால் அந்த இடத்தில் அசையாமல் அமர்ந்துவிடும். அதற்குப் பரிசு ஒரு பந்தும் ஒரு பாராட்டும். ஒரு நாய் தேடிய நிலத்தை இரண்டாவது நாய் மீண்டும் தேடிய பின்னரே அது உறுதியாகும். வெயில் ஏறுமுன் காலையிலேயே வேலை முடியும். களைத்து இளைக்கும் நாய் வாயால் மூச்சு வாங்குவதால் மணத்தைத் தவறவிடும் என்பதே காரணம்.

அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் இத்தகைய நாய்களை வழங்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனால் வெடிகள் நெருக்கமாக விதைக்கப்பட்ட நிலத்தில் எங்கும் ஒரே மணம் பரவியிருப்பதால் நாய் குழம்பும். அதனால் முகமாலை போன்ற இடங்களில் நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கியவை மனிதக் கைகளே. அவற்றில் போரில் குடும்பத்தை இழந்த எமது பெண்களின் கைகளும் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி திறக்கப்பட்டது போல, விடுவிக்கப்படும் காணிகளுக்குப் பலர் திரும்புகிறார்கள். ஆடுமாடுகளோடும் நாயோடும் செல்கிறார்கள். மண்டையோட்டுப் பலகையும் அடையாள நாடாவும் உள்ள இடத்துக்குள் உங்கள் நாயோ ஆடோ ஓடினால் பின்னால் ஓடாதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள். வராவிட்டால் கிராம அலுவலரிடமோ வெடியகற்றும் பிரிவினரிடமோ சொல்லுங்கள். கூப்பிட்டவுடன் திரும்பி வருவதை உங்கள் நாய்க்கு முதற்பாடமாகப் பழக்குங்கள்.

எமது ஊரில் வளர்க்கும்போது

வெப்பம்: ஆண்டின் பெரும்பகுதியில் யாழ்ப்பாணத்தின் பகல் 30 பாகை செல்சியஸைச் சுற்றியே நிற்கிறது. பெரிய இனங்களைக் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் மட்டும் நடத்துங்கள். தாரில் உள்ளங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. தகரக் கூரையின் கீழ் கூடு அமைக்காதீர்கள். நாய் தள்ளாடி, நாக்கு கருஞ்சிவப்பாகி, வாந்தி எடுத்தால் அது வெப்பத்தாக்கம். கிணற்றுநீரை உடலில் ஊற்றி, விசிறி, உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

உணவு: இணுவில் போன்ற ஊர்களில் சைவ உணவு மட்டும் சமைக்கும் வீடுகள் பல. வளரும் பெரிய இனக் குட்டிக்குச் சோறும் பருப்பும் மட்டும் போதாது. வீட்டில் மீனும் இறைச்சியும் சமைக்க முடியாதவர்கள் குட்டிகளுக்கென விற்கப்படும் உலருணவைக் கொடுக்கலாம். எலும்பு வளரட்டும் என்று கல்சியம் மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது மூட்டைக் கெடுக்கும். எமது தோட்டங்களில் விளையும் வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும், திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் சொக்லேற்றும் அப்படியே. மருந்தடித்த தோட்டத்துக்குள் நாயை விடாதீர்கள்.

உண்ணியும் மருந்தும்: உண்ணிக் காய்ச்சல் எமது பகுதியில் உயர் இன நாய்களைக் கொல்லும் முக்கிய நோய்களில் ஒன்று. சோர்வு, உணவு மறுத்தல், முரசு வெளிறுதல், கடும் நிறச் சிறுநீர் ஆகியவை அடையாளங்கள். காதின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் தினமும் பாருங்கள். ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசியை நாய்க்கும் போடும் பழக்கம் ஆபத்தானது. கொலி வகை நாய்களிலும் ஜேர்மன் செப்பர்ட்டில் ஒரு சிறு பகுதியிலும் உள்ள மரபணு மாற்றம் காரணமாக, கூடிய அளவில் இந்த மருந்து மூளையைத் தாக்கும். கால்நடை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

விசர்நாய்த் தடுப்பூசி: இது ஆண்டுதோறும் கட்டாயம். நாயைப் பிரதேச சபையில் பதிவதும் உரிமையாளரின் கடமை. இணுவிலாருக்கு அது வலிகாமம் தெற்குப் பிரதேச சபை. யாரையாவது நாய் கடித்தால், அது உங்கள் வீட்டு நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வெடிச்சத்தம்: கோயில் திருவிழா, செத்தவீடு, புதுவருடம் என்று எமது ஊரில் வெடி ஓயாது. மேய்ச்சல் இனங்களின் காது கூர்மையானது. பலவற்றுக்குச் சத்தத்தில் அச்சம் உண்டு. அந்த நேரங்களில் நாயை உள்ளறையில், வானொலியின் மெல்லிய ஒலியோடு, பழகிய ஒருவரின் அருகில் வைத்திருங்கள். வெடிச்சத்தம் கேட்டு உடல் நடுங்குவோர் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, அதட்டாமல் அருகில் இருப்பது. சுற்றிவளைப்புகளையும் சோதனைகளையும் கடந்து வந்த சிலருக்குப் பெரிய நாயைக் கண்டாலே பழைய நினைவு எழும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாய் வாங்குமுன் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு.

பழக்கும் முறை: பிறந்து மூன்றாம் கிழமை தொடக்கம் பதினான்காம் கிழமை வரை குட்டி கண்டு பழகும் மனிதரையும் ஒலியையும் வாகனத்தையும்தான் அது வாழ்நாள் முழுவதும் இயல்பென்று ஏற்கும். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பிரித்துக் கொண்டுவந்த பின் மதிலுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தடுப்பூசி முழுமையாகும் வரை கட்டாக்காலிகள் திரியும் நிலத்தில் இறக்காமல், கையில் தூக்கிச் சென்று ஊரைக் காட்டுங்கள். அடி வேண்டாம். சரியாகச் செய்தவுடன் ஒரு துண்டு தீனி, ஒரே சொல், தினமும் பத்து நிமிடம் என்று இருமுறை போதும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டுவது காவலைக் கூட்டாது, கோபத்தையே கூட்டும்.

யாருக்கு எது?

முதியோர் மட்டும் உள்ள வீட்டுக்கு, வளர்ந்த, குணம் தெரிந்த, கருத்தடை செய்த ஊர்நாய் ஒன்று. குட்டி வேண்டாம். ஓட்டமும் கடியும் முதியோருக்கு ஆபத்து. இளையவர்கள் உள்ள, பெரிய வளவு கொண்ட, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய குடும்பத்துக்கு, நல்ல பெற்றோருக்குப் பிறந்த ஜேர்மன் செப்பர்ட். மாலினுவா, பயிற்சியைத் தொழிலாகவோ தீவிர ஈடுபாடாகவோ கொண்டவருக்கு மட்டும். ஆடு வளர்ப்போருக்கு வெளிநாட்டு இனம் தேவையில்லை. குட்டிப் பருவத்திலேயே ஆட்டுக்கொட்டிலில் விட்டு, ஆட்டைத் துரத்தினால் உடனே தடுத்து வளர்த்த ஒரு நாட்டு நாய், கட்டாக்காலிகளிடமிருந்து குட்டிகளைக் காக்கும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாய் வாங்க அனுப்பும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். தடுப்பூசி, உண்ணி மருந்து, தீனி ஆகியவை பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தொடரும் செலவு. நாயை நடத்திச் செல்ல அயலில் ஓர் இளைஞரை மாதக் கொடுப்பனவில் ஒழுங்கு செய்ய முடியுமா, பெற்றோர் வைத்தியசாலையில் இருக்கும் நாட்களில் யார் சோறு போடுவார் என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் மதிலுக்கு ஒரு மின்விளக்கும் படலைக்கு ஒரு மணியும் வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தை அம்மாவின் கட்டிலருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.